நல்லா இருக்கு, வெச்சுக்கலாம்

என் தம்பிக்கு அதிர்ச்சி அடையத் தெரியாது. அன்று காலையிலிருந்து செட்டில் இருந்த அத்தனை பேரும் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்ணை உருட்டுவான், வாயைப் பிளப்பான், நெஞ்சில் அடித்துக்கொண்டு பின்னால் சாய்வான். மேடையில் இதைச் செய்தால் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பார்கள். கேமராவுக்கு முன்னால் செய்யும்போது வயிற்று வலிக்காரன் மாதிரி இருந்தது.

"கட்," என்றார் டைரக்டர். "மேடை அதிர்ச்சி வேண்டாம்பா. பெண்டாட்டி சொன்ன சேதியைக் கேட்டு அவன் உள்ளுக்குள்ள ஆடிப்போறான். மூஞ்சி சும்மா இருக்கணும்."

"மூஞ்சியைச் சும்மா வெச்சுக்கறதுக்கா சார் என்னைக் கூப்பிட்டீங்க? எங்க மாமா இருக்காரே, அவரைக் கூப்பிட்டிருக்கலாமே."

விளக்குக்காரர்கள் வரைக்கும் சிரித்தார்கள். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உடை அறையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த நான் சிரிக்கவில்லை. அவன் சொன்ன மாமா என் கணவர் என்பதற்காக இல்லை, அது பழகிவிட்டது. அன்று சாயங்காலம் அவன் பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், மறுநாள் காலையில் ஆபரேஷன். அதை வைத்துக்கொண்டு ஒருத்தன் இப்படி கெக்கே பிக்கே என்று இருந்தால் கூடப் பிறந்தவளுக்கு எப்படி இருக்கும்?

அந்தப் படத்துக்குக் கதை, வசனம், கதாநாயகன் எல்லாம் அவன்தான். உடைகள் என்னுடையவை. அவன் முதன்முதலாக மைக்கைப் பிடித்த நாளிலிருந்து அவனுக்குத் துணி தைப்பவள் நான்.

அப்போது ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தான். சாயங்காலமானால் ஒரு ஹோட்டலின் மாடி அறையில் ஜோக் சொல்லப் போவான். பாதி நாற்காலி காலியாக இருக்கும். மீதியில் இருப்பவர்களும் சாப்பிட வந்தவர்கள், தட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்கள். முதல் நாள் அவன் போட்டுக்கொண்ட கோட்டை அவசரத்தில் தைத்திருந்தேன், ஒரு கை நீளமாகப் போய்விட்டது. அவன் சொன்ன எதற்கும் சிரிக்காதவர்கள் அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தார்கள். "எங்க அக்கா தைச்சது. நான் இன்னும் வளருவேன்னு நம்புறா. அதுவும் ஒரு பக்கம் மட்டும்," என்றான். அறை குலுங்கியது. அன்றைக்குப் பிடித்தான் குடும்பத்தை, அப்புறம் விடவே இல்லை.

என் கணவரின் குறட்டை, அப்பாவின் பல் செட்டு, அம்மா போனில் பேசினால் போனே தேவையில்லை என்பது, எல்லாம் மேடை ஏறிவிட்டது. வீட்டில் ஒரு சண்டை போட வேண்டுமென்றால்கூட அவனை எங்கேயாவது அனுப்பிவிட்டுத்தான் ஆரம்பிப்போம். ஆனால் அவனைத் தூக்கிவிட்டது நாங்கள் இல்லை, அவன் பெண்டாட்டி.

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ரயில் நேரத்துக்கு வந்தாலும் ஒரே குரல்தான், வராவிட்டாலும் ஒரே குரல்தான். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. அந்தக் குரலை அப்படியே வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுவாள். கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதும் அதே குரலில்தானாம், இவன் எந்த நடைமேடைக்கு வருவது என்று கேட்டானாம். மேடையில் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "உங்கள் கணவர் வழக்கம்போல் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார். இரவுச் சாப்பாடு ரத்து செய்யப்படுகிறது. ஏற்படும் சிரமத்துக்கு நாங்கள் வருந்தவில்லை," என்பான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அதைச் சொல்லித் திரிந்தார்கள். அதைக் கேட்டுத்தான் சினிமாவில் கதாநாயகனின் நண்பன் வேஷம் வந்தது. அங்கே போய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? தன் வசனத்தைத் திருத்தினான், அடுத்தவன் வசனத்தைத் திருத்தினான், கடைசியில் வசனம் எழுதவே கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. "அவங்க சிரிக்கிறது என்னைப் பார்த்து இல்லையே அண்ணி, அவரைப் பார்த்துத்தானே," என்பாள். அவள் நல்லவள் என்று சொன்னால் போதாது, அவளை மாதிரி ஒருத்தி எங்கள் குடும்பத்துக்கு அதிகம்.

எழுதினதை எல்லாம் அவளோடு உட்கார்ந்துதான் படித்துப் பார்ப்பான். சாப்பாட்டு மேஜையில் இந்தப் பக்கம் இவன், எதிரே அவள். ஆண் வசனம் இவனுக்கு. காதலி, கொலைகாரி, மாமியார் எல்லாம் அவளுக்கு. எல்லாரும் அந்த ஸ்டேஷன் குரலில்தான் பேசுவார்கள். "உன் குரல்லயே ஒரு வரி நிக்குதுன்னா, அப்புறம் எந்த நடிகை பேசினாலும் நிக்கும்," என்பான். நடுவில் தாளில் இல்லாத எதையாவது அவள் சொல்லிவிட்டால் போதும், காதில் சொருகிய பென்சில் கைக்கு வந்துவிடும். "நல்லா இருக்கு, வெச்சுக்கலாம்!" அந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட பேச்சு அதுதான்.

படப்பிடிப்பு தொடங்கும் முன்னால் ஒரு மத்தியானம் அவள் என் கடைக்கு வந்தாள்.

"அண்ணி, மூணு கவுன் வேணும். முன்பக்கம் முழுசா திறக்கணும். கையைத் தூக்காம போட்டுக்கற மாதிரி. பட்டன் வேண்டாம், நாடா வெச்சுடுங்க."

நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டே, "எந்த சீனுக்கு?" என்றேன்.

"எனக்குத்தான் அண்ணி. மார்ல கட்டி இருக்கு. சதை எடுத்துப் பார்த்துட்டாங்க. ஆபரேஷன் பண்ணணும்."

அடுத்த ரயில் எப்போது என்று சொல்கிற அதே குரல். வெட்டுகிற பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

அவள் பலகையில் கிடந்த துணியின் ஓரத்தை நீவிவிட்டாள். "கேட்டுக்கிட்டார்."

"கேட்டுக்கிட்டானா? அவ்வளவுதானா?"

"அவருக்கு இப்ப படம், அண்ணி. நீங்க எதுவும் போய்க் கேட்கக் கூடாது. என் மேல சத்தியம். நீங்க சொல்லி அவர் வந்தா, அந்த வரவு எனக்கு வேண்டாம். அவரா வரணும்."

அன்றிலிருந்து தம்பியோடு நான் பேசியதெல்லாம் காலர் இறுக்கமா, பேன்ட் சரியா என்பது மட்டும்தான். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. விடியும்போது செட்டுக்கு வந்து இருட்டியபிறகு வீட்டுக்குப் போகிறவன் எதைக் கவனிப்பான்? ஆஸ்பத்திரிக்கு அவளோடு நான்தான் போய் வந்துகொண்டிருந்தேன்.

அன்று காலையில் அந்தக் கவுன்களைப் பையில் போட்டு உடை அறையில் வைத்திருந்தேன், செட்டிலிருந்து நேரே அவளிடம் போக வேண்டும் என்று. சட்டை மாற்ற வந்தவன் பையைக் கிண்டி ஒன்றை எடுத்து, தன் மேல் வைத்துப் பார்த்து, நாடாவைக் கட்டிக்கொண்டான்.

"யாருக்குக்கா இது? பேய்க்கா? பேய் மாதிரிதான் இருக்கு, ஆனா வசதியான பேய்."

பிடுங்கினேன். "உனக்கு இதுகூடச் சிரிப்பா இருக்கா?"

"எனக்கு எல்லாமே சிரிப்புதான், அதுதானே தொழில்," என்று விசிலடித்துக்கொண்டே போனான். கையில் சூடாக இஸ்திரிப் பெட்டி இருந்தது. அதை அவன் முதுகில் வீசாமல் விட்டதற்கு எனக்கு யாராவது மாலை போட்டிருக்க வேண்டும்.

மத்தியானத்துக்குள் அவன் நெஞ்சில் அடித்துக்கொண்ட வேகத்தில் சட்டைப் பட்டன் ஒன்று தெறித்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். ஊசியும் நூலுமாக செட்டுக்குள் போனேன். சமையலறை செட். குழாயிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வந்தது. பட்டனைத் தைத்து, சட்டைக்குள் மைக்கைத் திரும்பக் குத்திவிட்டேன். "ஓரமா நில்லுங்கம்மா, ஒரு டேக் போயிடலாம்," என்றார் டைரக்டர். டைரக்டர் பார்க்கிற மானிட்டர் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். கத்துகிறவர்கள் குரல்தான் தடுப்பைத் தாண்டி வரும், அதனால் அதுவரைக்கும் அந்தக் காட்சியில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்த குறிப்பில், "சமையலறை, மாலை, மனைவிக்கு வெளுத்த நீல உடை" என்று மட்டும்தான் இருந்தது.

படத்திலும் கதாநாயகன் ஜோக் எழுதுகிறவன்தான். இவனுக்கு வேறு என்ன தெரியும்? மனைவியாக நடித்த பெண் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். திரும்பாமலே பேசினாள்.

"இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மார்ல கட்டின்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் பண்ணணுமாம்." தண்ணீரை மூடினாள். "எனக்கு ஒத்தையா போக பயமா இருக்குங்க. இது வசனம் இல்லைங்க."

ஊசி என் விரலில் ஏறியது, எனக்கு உறைக்கவில்லை. காதில் கேட்டது அந்த நடிகையின் குரலே இல்லை. என் கடையில் துணி ஓரத்தை நீவிக்கொண்டு நின்றவளின் பேச்சு. தம்பி வழக்கம்போலக் கண்ணை உருட்டினான். கட் என்றார்கள்.

முதலில் எனக்குத் தோன்றியது, இவன் மனுஷனே இல்லை என்பதுதான். குறட்டையை விற்றான், பல் செட்டை விற்றான், போகட்டும். கட்டினவள் உயிர்ப் பயத்தில் சொன்னதை எடுத்து ஒரு நடிகை வாயில் வைத்துவிட்டு, இங்கே நின்று மூஞ்சியைக் கோணிக்கொண்டிருக்கிறான். நேரே செட்டுக்குள் போனேன்.

"இந்த வரியை யாருடா எழுதினது?"

அவன் முகம் பூரித்துவிட்டது. "நீயே கேட்கற பாத்தியா! நான் இல்லைக்கா, அவதான். இந்த இடத்துல பெண்டாட்டி சொல்ற ஒரு சேதியில இவன் ஆடிப்போகணும். என்ன சேதின்னு எனக்கு வரவே இல்லை. வெறும் கோடு போட்டு வெச்சிருந்தேன். 'நீயே ஏதாவது சொல்லிப் பாரேன்'னு அவகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா. அப்புறம் சொன்னா பாரு, அந்த ஸ்டேஷன் குரல்ல! அதோட விட்டாளா? 'இது வசனம் இல்லைங்க'ன்னு மேல ஒரு போடு போட்டா. எழுந்து நின்னு கை தட்டிட்டேன்க்கா."

"கை தட்டினியா?"

"பின்ன? நல்லா இருக்கு, வெச்சுக்கலாம்னேன்."

சின்ன வயதிலிருந்து இவன் பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும். உற்றுப் பார்த்தேன். சிவக்கவில்லை. அட பாவி, இவனுக்குத் தெரியாது. இத்தனை நாளும் இவனுக்குத் தெரியாது. சொன்னதற்குக் கை தட்டல் வாங்கியவள் அதற்குப் பிறகு எப்படி இரண்டாம் தடவை சொல்லுவாள்?

"அது வசனம் இல்லைடா," என்றேன்.

"ஆமாக்கா, அந்த வரிதான் உயிரு."

"அது வசனமே இல்லை. அவளுக்கு நிஜமாவே கட்டி. நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

என்னைப் பார்த்தான். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான். எல்லாரையும் பார்த்துத் திரும்பி, "அக்காவும் வசனம் பேச ஆரம்பிச்சுட்டா! டைரக்டர் சார், நம்ம குடும்பத்துல துணி தைக்கக்கூட ஆள் மிஞ்சாது போல!" என்றான். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அழுது காட்டலாம் என்றால் நான் அழுவதைப் பற்றி ஒரு ஜோக் வைத்திருக்கிறான். அம்மா மேல் சத்தியம் செய்யலாம் என்றால் அதைப் பற்றியும் வைத்திருக்கிறான். வாயால் எதைச் சொன்னாலும் இவனிடம் எடுபடாது. உடை அறைக்கு ஓடிப்போய்ப் பையைக் கொண்டுவந்து, ஒரு கவுனை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"காலையில பேய்க்கான்னு கேட்டியே. கையைத் தூக்க முடியாது, அதனாலதான் முன்னால நாடா. தோளைப் பாரு."

அவன் பெண்டாட்டிக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். மைக் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தே அப்படி ஆகிவிட்டது. அதனால் அவளுக்குத் தைக்கிற எதிலும் இடது தோளில் ஒரு சின்ன மடிப்பு பிடிப்பேன். வேறு யாருக்கும் அந்த மடிப்பு கிடையாது. அது அவனுக்குத் தெரியும், அந்தத் தோளை வைத்தும் மேடையில் பேசியிருக்கிறான்.

கட்டை விரலால் அந்த மடிப்பைத் தடவினான். இன்னொரு தடவை தடவினான். கண் உருளவில்லை, வாய் திறக்கவில்லை. முகத்தில் இருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது, சும்மா இருந்தது. என் தம்பியின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கே பயமாகிவிட்டது.

"நாளைக்கா?" என்றான். சத்தமே வரவில்லை.

"நாளைக்குக் காலையில. இன்னும் கொஞ்ச நேரத்துல அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்."

"என்கிட்ட சொன்னாளேக்கா," என்றான். "என்கிட்டதானே முதல்ல சொன்னா."

அப்போதுதான் திரைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. "பிரமாதம்! காலையிலேர்ந்து இந்த மூஞ்சியைத்தானேய்யா கேட்டேன்! வெச்சுக்கலாம்!"

திரும்பிப் பார்த்தேன். கட் சொல்லி நிறுத்திய கேமரா எப்போதோ மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்தது. நான் என் கையால் குத்திவிட்ட மைக் அவன் சட்டைக்குள் இருந்தது. டைரக்டர் காதில் ஹெட்போனோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு முகபாவம் வரவழைக்க நான் ஏதோ உபாயம் செய்கிறேன் என்று நினைத்திருக்கிறார் மனிதர்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கேமராவுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"அணைங்கய்யா அதை! இது அவன் பெண்டாட்டி உயிரு!"

மனைவியாக நடித்த பெண் ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டைரக்டர் ஹெட்போனைக் கழற்றினார். "நிஜமாவாம்மா?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தம்பி மைக்கைப் பிடுங்கி மேஜையில் வைத்தான்.

"அழிச்சுடுங்க சார்," என்றான். "இப்ப எடுத்ததையும், அந்த சீனையும்."

டைரக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

காரில் அந்தக் கவுனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூடப் பிறந்த இத்தனை வருஷத்தில் என் பக்கத்தில் அவன் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தது அன்றுதான். பேசித் தொலையேன்டா என்று எனக்கு இருந்தது.

நாங்கள் போனபோது அவள் புறப்படத் தயாராக இருந்தாள். பை கதவோரம் இருந்தது. சாப்பாட்டு மேஜை துடைத்துச் சுத்தமாக இருந்தது. அவள் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மேக்கப்போடவே வந்திருக்கீங்க. ஷூட்டிங் முடிஞ்சுதா?"

"எனக்குத் தெரியாது," என்றான். நின்ற இடத்திலேயே நின்றான். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. நீ சொன்னதை நான் நிஜம்னு நினைக்கலை. நான் ஒரு முட்டாள். நாளைக்கு உன்கூட நான் இருக்கணும். நான் இருக்கலாமா?"

இப்போது ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், மேக்கப்பைப் பார்த்தாள், அவன் இரண்டு கையையும் பார்த்தாள். பிறகு திரும்பத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"பேப்பர் எங்க?" என்றாள். "கொஞ்சம்தான் நேரம் இருக்கு. எந்த இடத்துலேர்ந்து படிக்கணும்?"

கேலியாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவள் நிஜமாகவே கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்திலும் இவனுக்கு ஒரு சீன் படித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

தம்பி எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "இது வசனம் இல்லைம்மா," என்றான்.

அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி?"

"நிஜம்தான்மா," என்றேன். "அவனுக்குத் தெரியாது. நான் சொல்லி வந்திருக்கான்னு கோவிச்சுக்காதே. தெரிஞ்ச நிமிஷம் வந்துட்டான்."

அவள் மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். எத்தனையோ ரயில்களுக்குக் குரல் கொடுத்தவள். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்ப ஆரம்பித்தாள். "எனக்கு ஒத்தையா போக..." என்று தொடங்கிய குரல் உடைந்து, எங்கெங்கோ ஏறி இறங்கி, அந்த வீடு முழுக்கக் கேட்கும்படி அழுகையாகிவிட்டது. "பயமா இருக்குங்க. ரொம்ப பயமா இருக்குங்க."

அழும்போதும் அவள் கண் அவன் கையின் மேலேயே இருந்தது. போன தடவை இதே மேஜையில், இதே வார்த்தைக்கு அந்தக் கை தட்டியது. இந்தத் தடவை மேஜையைத் தாண்டி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் விடவில்லை.